ரிலீவர் வராத தியானம்

தூங்கியதற்காக மாலை வாங்கியவர்கள் இந்த உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. நான் வாங்கியிருக்கிறேன். ஒரு சம்பங்கி மாலை, இரண்டு சாமந்தி மாலை, ஒரு சீப்பு வாழைப்பழம், யாரோ ஒரு அம்மா காலடியில் வைத்துவிட்டுப் போன எலுமிச்சம்பழம். நான் தியானத்தில் ஆழ்ந்துபோய்விட்டேன் என்று ஊர் நம்பியதால் வந்த வரும்படி இது. ஆழ்ந்துபோனது உண்மைதான். எதில் என்பதில்தான் எனக்கும் ஊருக்கும் கருத்து வேறுபாடு.

எல்லாம் என் ரத்த அழுத்தத்தில் ஆரம்பித்தது. நான் நெய்வேலி மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத மெஷின் ஓட்டுகிறவன். பெரிய சக்கரம், அதன் விளிம்பு முழுக்க வாளிகள். ஒரு வாளிக்குள் எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறைச் சாமான் மொத்தமும் அடங்கும். வீட்டில் டிவி ரிமோட் என் கைக்கு வந்து வருஷக்கணக்காகிறது. ஆனால் அந்தக் கேபினில் உட்கார்ந்து ஒரு லீவரை அசைத்தால் ஒரு மேடே காணாமல் போகும். அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். அவ்வளவு பிடிக்கும்.

நாற்பத்தெட்டாவது வயதில், வழக்கமான மெடிக்கலுக்குப் போனபோது, டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். இறக்கிவிட்டு மறுபடி அடித்தார். கொஞ்சம் இருந்து மறுபடியும். அவர் கருவியைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து நானும் அதை ஒரு முறை முறைத்துவைத்தேன். (அவர் சந்தேகப்பட்டது என்னை.)

"இவ்ளோ பிரஷரோட உங்கள மெஷின்ல ஏத்த முடியாதுங்க," என்றார். "மாத்திரை எழுதித் தர்றேன். உப்பக் கொறைங்க, தினம் நடங்க, டென்ஷன் ஆகாதீங்க. ஒரு மாசம் மெடிக்கல் லீவு. அப்புறமும் எறங்கலன்னா லைட் ட்யூட்டிதான்."

டென்ஷன் ஆகாதீர்கள் என்று சொல்லிவிட்டு மூச்சு விடுவதற்குள் லைட் ட்யூட்டி என்று சொல்கிறவரை என்ன செய்வது?

லைட் ட்யூட்டி என்றால் என்னவென்று டவுன்ஷிப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மைன்ஸ் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே போகிற விசிட்டர்களுக்கும் புதிதாக வரும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் ஹெல்மெட் எடுத்துக் கொடுக்க வேண்டும். வெளியே வரும்போது வாங்கி அடுக்க வேண்டும். நடுவில் மின்விசிறியைப் பார்க்கலாம். இருபது வருஷத்துக்கு மேல் மேட்டை அள்ளியவன் ஹெல்மெட் அடுக்குவதா? அன்று இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதே எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி மல்லிகா காரியக்காரி. மறுநாளே பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிவந்துவிட்டாள். அதோடு நில்லாமல், எங்கள் பிளாக் கம்யூனிட்டி ஹாலில் காலை நேரத்தில் நடக்கும் தியான வகுப்பில் என் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

"பக்கத்து வூட்டுக்காரர் அங்க போய்த்தான் கோவம் கொறைஞ்சாராம். நீங்களும் போங்க. சும்மா உக்காந்துட்டு வாங்க, அது போதும்," என்றாள்.

சும்மா உட்காருவதா? ஒரு வேலை என்று வந்துவிட்டால் என்னால் அப்படியெல்லாம் விட முடியாது. முதல் நாளே வகுப்பு தொடங்க அரை மணி நேரம் முன்னால் போய்க் கதவைத் திறந்து, ஜமக்காளத்தை உதறி விரித்து, முன்வரிசையில் முதுகை ஆணி அடித்த மாதிரி நிமிர்த்தி உட்கார்ந்தேன். வகுப்பு எடுப்பவர் பாஸ்கர். ஒரு வங்கியில் வேலை, என்னைவிட வயதில் இளையவர். எவ்வளவு மெதுவாகப் பேசுவார் என்றால், பின்வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் தலையாட்டுவது மரியாதைக்காக மட்டும்தான்.

"மூச்ச கவனிங்க. நீங்க இழுக்க வேணாம், விடவும் வேணாம். அதுவா வரும், அதுவா போகும். சும்மா பாருங்க," என்றார்.

இதுதான் என் முதல் சிக்கல். ஒரு மெஷின் ஆபரேட்டர் கை வைக்காமல் தானாக ஓடுகிறது என்றால் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது ஒன்றே ஒன்றுதான், எமர்ஜென்சி ஸ்விட்சை அழுத்து. மூச்சு தானாக ஓடுவதைக் கண்டதும் என்னை அறியாமல் அதை நிறுத்திவிட்டேன். பிறகு கையில் எடுத்து நானே ஓட்ட ஆரம்பித்தேன். உள்ளே, பிடி, வெளியே, பிடி. கொஞ்ச நேரத்தில் காதில் ஙொய் என்று சத்தம் வந்தது. ஞானம் வரும்போது இப்படித்தான் சத்தம் கேட்கும்போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன்.

தோளில் மெல்லத் தட்டி பாஸ்கர் கேட்டார், "சார், ஏன் நெத்தியில நரம்பு பொடைக்குது?"

"கான்சன்ட்ரேட் பண்றேன் சார்."

"பண்ணாதீங்க."

"சரி சார். பண்ணாம இருக்க முயற்சி பண்றேன்."

"முயற்சியும் பண்ணாதீங்க சார்."

"அப்ப நான் என்னதான் சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்."

"சரி சார். அது வர்றதுக்கு எவ்வளவு நாளாகும்? எனக்கு மாசக் கடைசியில மெடிக்கல் இருக்கு."

பாஸ்கர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அப்போது தியானம் தேவைப்பட்டது.

இன்னொரு நாள் அவர் சொன்னார், உட்காரும்போது மனதில் ஒரு நோக்கத்தை வையுங்கள், வைத்துவிட்டு அதை விட்டுவிடுங்கள் என்று. முதல் பாதி எனக்கு நன்றாகப் புரிந்தது. 'பிரஷர் இறங்க வேண்டும்' என்று நோக்கத்தை வைத்தேன். வைத்ததை எப்படி விடுவது? மைன்ஸில் டார்கெட் வைத்தால் மாசக் கடைசியில் கேட்பார்கள். நான் விட்டுவிட்டேன் சார் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்களா? அதனால் மூச்சுக்கு ஒரு தரம் உள்ளே சத்தம் போட்டேன். இறங்கு. இறங்கு. இறங்குகிறதா இல்லையா?

இறங்கவில்லை. தியானத்துக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் வீட்டுக் கருவியில் அளந்து பார்ப்பேன். பின்னால் பார்ப்பது எப்போதும் கூடுதலாகவே இருக்கும். கூடியிருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றிருக்கும். அப்போது அளந்தால் இன்னும் கூடியிருக்கும்.

"நீங்க தியானத்துக்குப் போறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தீங்க," என்றாள் மல்லிகா.

என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது கலியபெருமாள். பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன், எங்கள் மெஷினில் இப்போது எனக்கு முந்தின ஷிஃப்ட் அவன், ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் பல வருஷமாக வேலையில் நான் அவனையும் அவன் என்னையும் மாற்றிவிடுகிறோம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். துணைக்கு இருக்கட்டும் என்று நானே வற்புறுத்தி வகுப்புக்கு அழைத்துப் போனேன். நைட் ஷிஃப்ட் முடித்து, அழுக்குச் சட்டையோடு வந்து பின்வரிசையில் சுவரில் சாய்ந்து உட்காருவான். பாஸ்கர் மணி அடித்து முடிப்பதற்குள் அவன் முகம் அப்படியே தெளிந்து, பால் குடித்த குழந்தை மாதிரி ஆகிவிடும்.

ஒருநாள் சைக்கிள் ஸ்டாண்டில் மறித்துக் கேட்டேன். "உண்மையச் சொல்லு. உள்ள நீ என்னதான் பண்ற?"

"நான் என்னாண்ணே பண்றேன்? குந்திக்கினு இருந்தேன். அவரு மணியடிச்சாரு, எழுந்து வந்துக்கினு இருக்கேன்," என்றான்.

"எதாவது நெனப்பியா?"

"வூட்டுக்குப் போயி தோச துன்னணும்னு நெனச்சேன். அப்பறம் அதுவும் போய்டுச்சு."

ரகசியத்தை மறைக்கிறான் என்றே அன்று நினைத்தேன்.

மாசம் முடியப்போகிற நேரத்தில் தியான வகுப்பின் ஆண்டு விழா வந்தது. ஞாயிற்றுக்கிழமை. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை மேடையில் விளக்கு முன்னால் யாராவது ஒருவர் மாற்றி ஒருவர் தியானத்தில் இருக்க வேண்டும், மற்றவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று பாஸ்கர் சொன்னார். என் மெடிக்கல் திங்கட்கிழமை. கடைசி வாய்ப்பு என்று எனக்குப் பட்டது. வழக்கம்போல வேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஷிஃப்ட் போடுறத எங்கிட்ட விடுங்க சார்."

"அதெல்லாம் எதுக்கு சார், யாருக்கு முடியுதோ உக்காரட்டும்."

"தொடர்ச்சின்னா தொடர்ச்சியா இருக்கணும் சார். கரி போற பெல்ட் நின்னா பவர் ஹவுஸ் நின்னுடும்."

தியானத்துக்கும் பவர் ஹவுஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். ஆளுக்கு ஒரு மணி நேரம் பிரித்தேன். மைன்ஸ் வழக்கத்தையே சட்டமாகவும் வைத்தேன். எங்கள் வேலையில் ரிலீவர், அதாவது நம்மை மாற்றிவிட வருகிற ஆள், கேபினில் ஏறித் தோளைத் தொடுவார். நாம் மெஷினின் நல்லது கெட்டதைச் சொல்லி ஒப்படைத்த பிறகுதான் சீட்டை விட்டு எழ வேண்டும். ஆள் வரவில்லையா, அடுத்த ஷிஃப்டும் நம் தலையில். அதற்கு 'டபுள்' என்று பெயர். மேடையிலும் அப்படித்தான் என்று எல்லாரிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன். ரிலீவர் வந்து தோளைத் தொடும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது, இடத்தை விட்டு நகரக் கூடாது.

முதல் ஆளாகச் சூரிய உதயத்துக்கு ரவீந்திரனைப் போட்டேன். அவனும் மைன்ஸ் ஆபரேட்டர், மதிய ஷிஃப்ட்காரன், காலையில் சும்மாதான் இருப்பான். ஒன்பது மணிக்கு நான். பத்து மணிக்கு என்னை மாற்றிவிட, நைட் ஷிஃப்ட் முடித்துக் குளித்துவிட்டு வரப்போகிற கலியபெருமாள். எவ்வளவு கச்சிதம் என்று எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மேடை ஏறினேன். விழாவுக்குப் போட்ட வெண்பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். (ஆண்டு விழாவில் உப்புக் கணக்குப் பார்ப்பது மரியாதை இல்லை.) பின்னால் ஒரு தூண். முந்தின இரவு மெடிக்கலை நினைத்து நினைத்துப் பொட்டுத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினேன். இறங்கு, இறங்கு என்று ஆரம்பித்தேன்.

பத்து மணியாகியிருக்கும் என்று உள்ளே ஒரு கணக்குத் தோன்றியது. தோளில் கை விழவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு வருகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதலில் வலது கால் மரத்தது. பிறகு இடது கால். மூக்கு நுனியில் ஒரு ஈ உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தது. கண்ணைத் திறக்கலாமா? சட்டம் போட்டவனே நான். ரிலீவர் வராமல் எழுந்தான் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு மெஷினும் இல்லை, மானமும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படிப் பல்லைக் கடித்தேனோ தெரியாது. ஒரு கட்டத்தில் பல்லும் வலித்தது. அப்போது உள்ளே ஏதோ ஒன்று கையை விரித்துவிட்டது. அவன் வரட்டும், வராமல் போகட்டும். பிரஷர் இறங்கட்டும், ஏறட்டும். லைட் ட்யூட்டி கொடுத்தால் கொடுக்கட்டும், ஹெல்மெட்டும் மனிதன் அடுக்குவதுதானே. ஒரு மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனது. இதுதானோ அது, இதைத்தான் பாஸ்கர் சொன்னாரோ என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை.

இனி வருவதெல்லாம் மல்லிகா சொல்லி எனக்குத் தெரிந்தது.

பத்தரை மணிக்கு பாஸ்கர் மேடைக்கு வந்து என்னைப் பார்த்திருக்கிறார். நெற்றியில் நரம்பு இல்லை. புருவம் தளர்ந்திருக்கிறது. மூச்சு தானாக வந்து தானாகப் போகிறது. இத்தனை நாள் மல்லுக்கட்டிய மனிதர் கடைசியில் விட்டுவிட்டார் என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டதாம். பதினொரு மணிக்கு உட்கார வந்தவரைத் தடுத்து, "தொடாதீங்க. ரொம்ப ஆழத்துல இருக்கார்," என்று தன் மெல்லிய குரலில் சொல்லியிருக்கிறார். அன்று மட்டும் அது பின்வரிசை வரைக்கும் கேட்டுவிட்டது.

பன்னிரண்டு மணிக்குச் செய்தி வாட்ஸ்அப்பில் பிளாக் பிளாக்காகப் போய்விட்டது. ஒரு மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. 'மைன்ஸ்காரர் ஒருத்தர் அசையாம உக்காந்துட்டாராம்' என்று வடலூர் பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம். மாலை வந்தது, பழம் வந்தது. எங்கள் பக்கத்துத் தெரு ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும், அவர் நர்ஸ், உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கருவியோடு வந்திருக்கிறார்.

மல்லிகா மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இடது கண் பாதிதான் மூடியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற முகம், அவளுக்குத் தெரியாதா? எழுப்பத்தான் மேடையேறியிருக்கிறாள். அதற்குள் ஸ்டெல்லா சிஸ்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டார்.

"எவ்ளோ சிஸ்டர்?"

"நார்மல் மல்லிகா. நல்லா நார்மல்."

மல்லிகா கேரியரைக் கீழே வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கூட்டத்தைப் பார்த்து, "யாரும் பேசாதீங்க. அவர எழுப்ப வேணாம்," என்றாள். இந்த மனுஷனுக்கு ஒரு மாசமாக இறங்காத பிரஷர் இறங்கியிருக்கிறது, நாளை மெடிக்கல் வரைக்கும் இப்படியே இருக்கட்டும் என்பது அவள் திட்டம். அப்படியே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட யோசித்ததாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் எனக்குக் குறட்டை கிளம்பியிருக்கிறது. மல்லிகா ஒரு கணமும் தாமதிக்கவில்லை. "ஓம்" என்று நீட்டி ஆரம்பித்துவிட்டாள். கூட்டமும் பிடித்துக்கொண்டது. என் குறட்டை ஏற ஏற அவளும் சுருதியை ஏற்றியிருக்கிறாள். அந்த ஹாலில் அதுவரை அப்படி ஒரு ஓங்காரம் எழும்பியதே இல்லை என்று பாஸ்கர் இன்றைக்கும் சொல்கிறார். (அவரிடம் காரணத்தைச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.)

மூன்று மணி வாக்கில் கலியபெருமாள் வந்தான். குளிக்கவில்லை. முட்டிவரை சேறு, காலில் பூட்ஸ், தலையில் ஹெல்மெட். மைன்ஸிலிருந்து நேராக வந்தவன் வாசலில் நின்று உள்ளே பார்த்தான். மேடையில் நான், கழுத்து நிறைய மாலை. எதிரில் விளக்கு. ஊதுவத்திப் புகை. பக்கத்தில் நர்ஸ், அந்தப் பக்கம் நாற்காலியில் மல்லிகா. கீழே ஊரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறது.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "அண்ணே," என்று ஒரு குரல் கொடுத்தான். ஓங்காரம் அப்படியே அறுந்துபோனது. "பிரஷர்லயே போய்ட்டியாண்ணே. நான் வராமப் போய்ட்டனேண்ணே. என் வழியப் பாத்துக்கினே கண்ண மூடிட்டியாண்ணே," என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே சேற்றுக் காலோடு ஓடிவந்து மேடையேறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இருபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? தோளில் கை பட்டதும் கண்ணைத் திறந்தேன். எதிரில் கலியபெருமாள், சேற்றுச் சட்டை. வேறு எதையும் நான் பார்க்கவில்லை. என் வாய் தானாக ஒப்படைக்க ஆரம்பித்தது.

"பிரேக் கொஞ்சம் இழுக்குது. எடது பக்கம் ஈர மண்ணு, அந்தப் பக்கம் அவசரப்படாத. கிரீஸ் வெச்சாச்சு."

முன்வரிசையில் ஓர் அம்மா கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். வடக்குத்தில் மனை பார்த்துக்கொண்டிருந்தவராம். ரோட்டுக்கு இடது பக்கம் இருந்த மனையை அன்றோடு வேண்டாமென்று விட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒப்படைத்தாயிற்று, சட்டப்படி இனி எழலாம் என்று எழுந்தேன். அதாவது இடுப்புவரை எழுந்தேன். கால் இரண்டும் அந்த இடத்தில் இருப்பதாகவே தெரியவில்லை. மாலைகளோடு முன்னால் சரிந்து, வாழைப்பழச் சீப்பின் மேல் முட்டி ஊன்றி வழுக்கி, மேடைக்குக் கீழே கைகூப்பி நின்றுகொண்டிருந்த பாஸ்கர்மேல் போய் விழுந்தேன். அந்த மனிதரை அன்றுதான் முதல்முறையாக எல்லாருக்கும் கேட்கும்படி கத்த வைத்தேன். மல்லிகா தலையில் கை வைத்துக்கொண்டு, "கெடுத்தானே," என்றாள். கலியபெருமாளைச் சொன்னாள். ஸ்டெல்லா சிஸ்டர் ஓடிவந்து காற்றடித்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு என்று மல்லிகாவிடம்கூடச் சொல்லாமல் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"டேய், பத்து மணிக்கு வர வேண்டியவன், எங்கடா போன?" என்று கீழே கிடந்தபடியே கேட்டேன்.

"எங்கண்ணே போறது? என்ன மாத்திவுட ஆள் வரலியே. மெஷின வுட்டுட்டு வரக் கூடாதில்ல. டபுள் பாத்துட்டு இப்பத்தான் எறங்கி வரேன்," என்றான்.

"உன்ன மாத்திவிட யார் வரணும்?"

"ரவீந்திரன்தாண்ணே. ஒனக்குப் பதிலா இந்த மாசம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் அவன்தானே வரான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மெடிக்கல் லீவில் வீட்டில் இருக்கிறேன் என்றால் என் மெஷினை யாரோ ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ ரவீந்திரன். மதிய ஷிஃப்ட்காரன் இப்போது என் காலை ஷிஃப்டில் இருக்கிறான். அவனைத்தான் நான் சூரிய உதயத்துக்குத் தியானத்தில் உட்காரவைத்தேன். அவன் மைன்ஸுக்குப் போகாததால் கலியபெருமாள் மெஷினில் மாட்டிக்கொண்டான். கலியபெருமாள் வராததால் நான் மேடையில் மாட்டிக்கொண்டேன். என் ரிலீவர் வராமல் போனதற்கு நான்தான் ஷிஃப்ட் போட்டிருக்கிறேன்.

ரவீந்திரனுக்குப் போன் அடித்தால் சேத்தியாத்தோப்பில் காதுகுத்துப் பந்தியில் இருக்கிறான். "நீங்கதானே அண்ணே போட்டீங்க," என்றான் சாவகாசமாக. "பெரியவரு நீங்க, மைன்ஸ்ல சொல்லாமலா போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். ஒரு மணி நேரம் உக்காந்தேன், மனசு ரொம்ப லேசா இருந்துச்சு. இப்படியே இன்னைக்கு லீவு போட்டுடலாம்னு கெளம்பி வந்துட்டேன்." பிறகு ஷிஃப்ட் இன்சார்ஜ் எனக்குப் போன் செய்தார். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. முடித்தபோது எனக்கு மட்டுமில்லை, அவருக்கும் பிரஷர் இருந்திருக்கும்.

மறுநாள் நாங்கள் டாக்டரம்மா அறைக்குள் நுழையும்போதே அவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். டவுன்ஷிப்பில் செய்தி ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டா போகும்? காற்றடித்தார், பார்த்தார், தலையை ஆட்டினார். மல்லிகா விடவில்லை.

"நேத்து நார்மலா இருந்துச்சு டாக்டர். ஸ்டெல்லா சிஸ்டரே பாத்தாங்க."

"தூங்கும்போது பாத்தாங்களாமே?"

மல்லிகா என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"தூக்கத்துல ஃபிட்டாத்தான் இருக்காரு. ஆனா மெஷின முழிச்சிக்கிட்டு ஓட்டணும்னு எதிர்பாக்குறாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் டாக்டரம்மா.

லைட் ட்யூட்டி எழுதிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதேன். மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தகரக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் ஹெல்மெட்டுகளை அளவுவாரியாக, நிறவாரியாக, கடைசியில் கீறல்வாரியாகக்கூட அடுக்கிப் பார்த்தேன். அதற்குமேல் அங்கே செய்வதற்கு எதுவுமே இல்லை. கான்ட்ராக்ட் ஆட்களில் சிலர் என் கையால் ஹெல்மெட் வாங்கினால் நல்லது என்று பயபக்தியோடு வந்து வாங்கினார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அதையும் விட்டுவிட்டேன். மாத்திரையைப் போட்டேன், நடந்தேன், உப்பைக் குறைத்தேன். மற்ற நேரம் கொட்டகையில் உட்கார்ந்து, வேப்பமரத்தையும் போகிற வருகிற பஸ்ஸையும் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. எதிரில் இருந்தது, பார்த்தேன்.

சில மாதம் கழித்து டாக்டரம்மா காற்றடித்தார். மறுபடி அடித்தார். இந்தத் தடவை நான் கருவியை முறைக்கவில்லை.

"நல்லா எறங்கியிருக்கே. மாத்திரையைத் தவிர வேற என்ன பண்ணீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா சொன்னாள், "ஒண்ணும் பண்ணல டாக்டர். கல்யாணமானதுலேர்ந்து இந்த மனுஷன் ஒண்ணும் பண்ணாம இருந்தது இதான் மொதத் தடவ."

ஃபிட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இப்போது மறுபடியும் மெஷினில்தான் இருக்கிறேன். வகுப்புக்கும் போகிறேன், ஆனால் பின்வரிசையில், கலியபெருமாள் பக்கத்தில், சுவரில் சாய்ந்து. பாஸ்கர் எனக்கு எந்தப் பொறுப்பும் கொடுப்பதில்லை. ஜமக்காளத்தைக்கூட உதற விடுவதில்லை.

எங்கள் மகள் கயல் சென்னையில் வேலை பார்க்கிறாள். தினமும் சாயந்திரம் போன் செய்வாள்.

"பிரஷர் பாத்தீங்களாப்பா?"

"பாத்தேம்மா. நார்மல்."

"முழிச்சிக்கிட்டா, தூங்கிக்கிட்டா?"

"முழிச்சிக்கிட்டுதாம்மா."

"போன அம்மாகிட்ட குடுங்க," என்பாள்.